இலங்கை மகளிர் துடுப்பாட்ட அணியின் எழுச்சி: தீவகத்திலிருந்து ஒரு நோக்கு

விளையாட்டின் வரலாறு சமூக வரலாற்றின் ஒரு கூறேயாகும். யார் விளையாடினர், எங்கு விளையாடினர், யாருடைய செலவில் விளையாடினர், யார் வேலிக்கு வெளியே நின்று பார்த்தனர் என்னும் வினாக்களை எழுப்பும்போது, வெறும் வெற்றி தோல்விக் கணக்காகத் தோன்றும் ஒரு விளையாட்டின் கதை நாட்டின் கதையாக விரிவதைக் காணலாம். இலங்கை மகளிர் துடுப்பாட்ட அணியின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். 1997ஆம் ஆண்டில் அனைத்துலக அரங்கில் அடியெடுத்து வைத்த அவ்வணி, 2024 யூலை 28ஆம் நாள் தம்புள்ளையில் இந்திய அணியை எட்டு விக்கெட்டுகளால் வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இருபத்தேழு ஆண்டுகளில் நிகழ்ந்த இவ்வெழுச்சி ஒருசிலரின் தனித்திறமையால் விளைந்ததா, அன்றி அத்திறமையைத் தாங்கி வளர்த்த நிறுவனங்களின் பயனா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள். இவ்வினாவுக்கான விடை, கொழும்பிலிருந்து நோக்குவதைக் காட்டிலும் ஊர்காவற்றுறையிலிருந்து நோக்கும்போது தெளிவாகப் புலப்படும். நிறுவனங்கள் சென்றடையாத இடத்தில் திறமை என்னவாகிறது என்பதற்குத் தீவகம் கண்முன்னே நிற்கும் சான்றாகும்.

கப்பலோடு வந்த ஆட்டம்

துடுப்பாட்டம் ஆண்களுக்கே உரிய ஆட்டம் என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியுள்ளது. ஆயின் அவ்வாட்டம் பிறந்த நாட்டின் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. 1745 யூலை 26ஆம் நாள் இங்கிலாந்தின் சறே மாவட்டத்தில், கில்ட்ஃபோர்ட் நகருக்கு அண்மையில், பிறாம்லி, ஹம்பிள்டன் ஆகிய இரண்டு ஊர்களின் பெண்கள் ஆடிய போட்டியைப் பற்றிய செய்தி அக்காலப் பத்திரிகையிலேயே பதிவாகியுள்ளது. ஓரணியினர் நீல நாடாவும் மற்றையோர் சிவப்பு நாடாவும் தலையில் அணிந்து ஆடினர். 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மகளிர் துடுப்பாட்டச் சங்கம் தோன்றியது. 1934 டிசெம்பரில் இங்கிலாந்துப் பெண்களும் அவுஸ்திரேலியப் பெண்களும் பிரிஸ்பேன் நகரில் முதலாவது டெஸ்ட் போட்டியில் மோதினர். முதலாவது மகளிர் உலகக் கிண்ணப் போட்டி 1973ஆம் ஆண்டில் நடைபெற்றது. ஆண்களுக்கான உலகக் கிண்ணம் அதற்கு ஈராண்டுகள் பிந்தியே, 1975இல், தொடங்கியது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இலங்கைக்கு இவ்வாட்டம் கடல் வழியாகவே வந்தது. ஆங்கிலேய ஆட்சியாளரும் தோட்டத்துரைமாரும் மிசனறிப் பாடசாலைகளும் அதனை இங்கு வேரூன்றச் செய்தனர். இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே சென்ற கப்பல்கள் கொழும்பில் தரித்து நின்ற நாட்களில், அவற்றிற் பயணம் செய்த அணிகள் கரையிறங்கி உள்ளூர் அணிகளோடு ஆடுவது வழக்கமாக இருந்தது. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டில் இவ்வாறான இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெற்றன. இங்கிலாந்து நோக்கிச் சென்ற பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கொழும்பில் ஆடியபோது, அதனை எதிர்த்து ஆடிய இலங்கை அணிக்கு மகாதேவ சதாசிவம் தலைமை தாங்கினார். அதே ஆண்டின் பிற்பகுதியில், அவுஸ்திரேலியாவுக்குச் சென்றுகொண்டிருந்த இங்கிலாந்து மகளிர் அணி கொழும்பில் இறங்கியபோது, இலங்கைப் பெண்கள் அணியொன்று அதனை எதிர்த்து ஆடியது. தமிழரொருவர் தலைமை தாங்கிய முதலாவது ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. பெண்கள் ஆடிய இரண்டாவது ஆட்டத்தை நினைவுகூர்வோர் மிகச் சிலரே.

இவ்விரு ஆட்டங்களுக்கும் பின் இரண்டு அணிகளும் சென்ற பாதைகள் வெவ்வேறாயின. ஆண்கள் அணிக்குப் பாடசாலை இருந்தது, கழகம் இருந்தது, ஆண்டுதோறும் ஆடுவதற்குச் சுற்றுப்போட்டி இருந்தது. 1981இல் டெஸ்ட் தகுதி பெற்று 1982இல் அவ்வணி முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடிற்று. பெண்களுக்கோ இவற்றுள் எதுவும் இருக்கவில்லை. ஒரு நாள் ஆட்டம் ஒரு மரபாக மாறுவதற்கு வேண்டிய அடித்தளம் இல்லாமையால், 1948இன் அந்த ஆட்டம் தனியொரு நிகழ்ச்சியாகவே நின்றுவிட்டது. மகளிர் தேசிய அணி அனைத்துலகப் போட்டிக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அயல்நாடான இந்தியா இவ்விடைக்காலத்தில் முந்திக்கொண்டது. 1973இல் இந்திய மகளிர் துடுப்பாட்டச் சங்கம் தோன்றியது. 1976இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கெதிராக இந்தியப் பெண்கள் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினர். அணித்தலைவியாக விளங்கிய சாந்தா ரங்கசுவாமி சென்னையிற் பிறந்தவர். அவ்வாண்டிலேயே டெஸ்ட் வாழ்வைத் தொடங்கிய சுதா ஷா தமிழகத்தைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் இந்திய அணியின் பயிற்றுநராகவும் பணியாற்றினார். 2013ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கெதிராகச் சதம் அடித்துச் சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, உலகக் கிண்ணத்திற் சதம் பெற்ற முதலாவது இந்தியப் பெண் என்னும் பெருமையைப் பெற்றார். தமிழ்ப் பெண்ணுக்கும் துடுப்பாட்டத்துக்கும் பொருத்தமில்லை என்போருக்கு இவர்களே விடையாவர். சூழல் அமைந்த இடத்தில் அவள் ஆடினாள். அமையாத இடத்தில் ஆடவில்லை. இதுவே உண்மை.

தோற்றமும் முதல் வெற்றியும்

1996 மார்ச்சு 17ஆம் நாள் லாகூரில் இலங்கை ஆண்கள் அணி உலகக் கிண்ணத்தை வென்றது. நாடெங்கும் எழுந்த துடுப்பாட்ட ஆர்வத்தின் அலையிலேயே மகளிர் அணியும் உருப்பெற்றது. 1997 நவம்பரில் நெதர்லாந்து மகளிர் அணி இலங்கைக்கு வந்து ஆடியபோது இலங்கைப் பெண்கள் தமது முதலாவது ஒருநாள் அனைத்துலகப் போட்டியில் பங்குபற்றினர். அடுத்த மாதத்திலேயே இந்தியாவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்று காலிறுதி வரை முன்னேறினர்.

1998 ஏப்ரிலில் கொழும்பு கோல்ட்ஸ் கழக மைதானத்தில் பாகிஸ்தான் மகளிர் அணியோடு நடைபெற்ற டெஸ்ட் போட்டி இவ்வணியின் வரலாற்றில் தனியிடம் பெறுவது. சாமணி செனவிரத்ன தமது முதலாவது டெஸ்ட் போட்டியிலேயே ஆட்டமிழக்காது சதம் அடித்தார். இலங்கை 309 ஓட்டங்களால் வென்றது. ஆண்கள் அணி தனது முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெறுவதற்கு 1985 வரை காத்திருந்தது. பெண்களோ ஆடிய முதற் போட்டியிலேயே வென்றனர். ஆயினும் அந்த முதற் போட்டியே இன்றுவரை அவர்கள் ஆடிய ஒரேயொரு டெஸ்ட் போட்டியுமாகும். வெற்றி பெற்ற அணிக்கு மறுபடியும் ஆட வாய்ப்பளிக்கப்படவில்லை. திறமை நிறுவப்பட்ட பின்னரும் வாய்ப்புத் தானாக வந்துவிடுவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டுகிறது.

தாங்கி நின்ற தூண்கள்

1998க்குப் பின் அணி எவ்வாறு நிலைத்து நின்றது என்பது அடுத்து நோக்கத்தக்கது. ஆட்டக்காரி ஒருத்தி நாள்தோறும் பயிற்சி பெற வேண்டுமாயின் அவளுக்கு உணவும் தங்குமிடமும் வருமானமும் வேண்டும். மகளிர் ஆட்டத்தைப் பார்ப்பதற்குக் கட்டணம் செலுத்தி வருவோர் இல்லாத காலத்தில் இவற்றை வழங்குவோர் யார்? இலங்கையில் இதற்கான விடையாக அமைந்தவை பெரும்பாலும் முப்படைகளின் விளையாட்டுக் கழகங்களே. இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் மகளிர் அணிகள் உள்நாட்டுச் சுற்றுப்போட்டிகளில் முன்னணியில் நின்றன. கிராமத்திலிருந்து வந்த பெண்ணொருத்திக்குப் படையில் வேலையும் மாதச் சம்பளமும் கிடைத்தன. அதனோடு பயிற்சிக்கு மைதானமும் கிடைத்தது. ஆடைத் தொழில் நிறுவனம் ஒன்றின் ஆதரவில் இயங்கிய அணியும் சில தனியார் கழகங்களும் இப்பணியில் துணை நின்றன.

இவ்வடித்தளத்தின் மீதே 2003ஆம் ஆண்டில் அணியிற் சேர்ந்த சசிகலா சிறிவர்தன போன்றோர் வளர்ந்தனர். சுழற்பந்து வீச்சாளராகவும் துடுப்பாட்டக்காரியாகவும் விளங்கிய அவர், ஒருநாள் போட்டிகளில் நூறு விக்கெட்டுகளை வீழ்த்திய முதலாவது இலங்கைப் பெண்ணாவார். அவருடைய தலைமையில் 2013ஆம் ஆண்டு இந்தியாவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டிக்குச் சென்ற அணியே உலகின் கவனத்தை முதலில் ஈர்த்தது. அப்போட்டிக்கு முந்திய கிண்ணத்தை வென்றிருந்த இங்கிலாந்தை மும்பாயில் எதிர்கொண்டபோது ஆட்டம் இறுதிப் பந்து வரை சென்றது. டிலானி மனோதர அப்பந்தை எல்லைக்கு வெளியே ஆறு ஓட்டமாக அடித்தார். இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. சில நாட்களின் பின் இந்தியாவை 138 ஓட்டங்களால் தோற்கடித்து, போட்டியை நடத்திய நாட்டையே முதற் சுற்றோடு வெளியேற்றியது.

இவ்வெற்றிகளின் ஒளியில் மறைக்கப்படக் கூடாத நிழல்களும் உண்டு. அணித் தெரிவில் அதிகாரம் உடையோர் ஆட்டக்காரிகளிடம் முறைகேடாக நடந்துகொண்டனர் என்னும் குற்றச்சாட்டு 2014இல் எழுந்தது. அதனை ஆராய அமைக்கப்பட்ட குழு, பாலியல் தொல்லைகள் நிகழ்ந்தமைக்குச் சான்றுகள் உள்ளன என 2015இல் கண்டது. ஆடும் உரிமைக்காகப் போராடிய பெண்கள் மதிப்போடு ஆடும் உரிமைக்காகவும் போராட நேர்ந்தமை இதனால் வெளிப்பட்டது. 2020 மார்ச்சு தொடக்கம் 2021 நவம்பர் வரை அணி ஓர் அனைத்துலகப் போட்டியிலேனும் ஆடவில்லை. பெருந்தொற்றே காரணமெனப்பட்டது, எனினும் அக்காலத்தின் பிற்பகுதியில் ஆண்கள் அணிக்குப் போட்டிகள் ஒழுங்குசெய்யப்பட்டன. 2021 நவம்பரில் ஹராரே நகரில் தொடங்கிய உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி தொற்றின் புதிய வகை பரவியமையால் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. எஞ்சிய இடங்கள் தரவரிசைப்படி வழங்கப்பட்டன. ஆடாத அணி தரவரிசையில் உயர்வது எங்ஙனம்? 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இலங்கைப் பெண்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஒருத்தியின் ஆற்றலும் ஓர் அணியின் ஆற்றலும்

இலங்கை மகளிர் துடுப்பாட்டம் என்றவுடன் பலர் நினைவுக்கும் வரும் பெயர் சமரி அத்தபத்து. 1990ஆம் ஆண்டு குருநாகல் மாவட்டத்திற் பிறந்த இவர், 2017 யூன் 29ஆம் நாள் பிறிஸ்டல் நகரில் அவுஸ்திரேலியாவுக்கெதிராக ஆட்டமிழக்காது 178 ஓட்டங்கள் பெற்றார். அன்று இலங்கை அணி பெற்ற மொத்த ஓட்டங்கள் 257. ஏனைய அனைவரும் பெற்றவையும் உதிரி ஓட்டங்களும் சேர்ந்து 79 மட்டுமே. முடிவில் அவுஸ்திரேலியா எளிதாக வென்றது. உலகத் தரத்திலமைந்த ஒருத்தியின் ஆற்றலும் ஓர் அணியை வெற்றிபெறச் செய்யப் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதற்கு ஏழாண்டுகளின் பின் தம்புள்ளையில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியா 165 ஓட்டங்களைப் பெற்றிருந்தது. அத்தபத்து 61 ஓட்டங்களுடன் வெளியேறினார். முன்னைய காலமாயின் ஆட்டம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் ஹர்ஷிதா சமரவிக்கிரம ஆட்டமிழக்காது 69 ஓட்டங்களும் கவிஷா டில்ஹாரி ஆட்டமிழக்காது 30 ஓட்டங்களும் பெற்று எட்டுப் பந்துகள் எஞ்சியிருக்க வெற்றியை ஈட்டினர். 2022இல் இதே கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் இதே இந்தியாவுக்கெதிராக 65 ஓட்டங்களுக்குள் அடங்கிய அணி இது என்பதை எண்ணிப் பார்க்கும்போது மாற்றத்தின் அளவு புலப்படும். 2024 ஓகஸ்ட் வரை இலங்கைக்காக ஒருநாள் போட்டியில் சதம் பெற்ற பெண் அத்தபத்து ஒருவரே. அம்மாதத்தில் பெல்பாஸ்ட் நகரில் அயர்லாந்துக்கெதிராகப் பதினெட்டு வயதான விஷ்மி குணரத்ன இரண்டாவது பெண்ணாகச் சதம் அடித்தார். அதே தொடரில் சமரவிக்கிரமவும் சதம் பெற்றார்.

இம்மாற்றத்துக்குக் காரணம் யாது? 2022க்குப் பின் அணிக்கு ஒழுங்கான போட்டித் தொடர்கள் கிடைத்தன. 2023இல் நியூசிலாந்தைக் காலியில் ஒருநாள் தொடரிலும், இங்கிலாந்தை அந்நாட்டு மண்ணிலேயே இருபது பந்துப் பரிமாற்றத் தொடரிலும் இலங்கைப் பெண்கள் வென்றனர். தென்னிலங்கைப் பாடசாலைகள் சிலவற்றில் பெண்களுக்கான துடுப்பாட்ட அணிகள் தோன்றி, இளவயதிலேயே கடினப்பந்தில் பயிற்சி பெற்ற தலைமுறையொன்று மேலெழுந்தது. பாடசாலை, வாழ்வூதியம், தொடர்ச்சியான போட்டி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த வேளையிலேயே ஒருத்தியின் ஆற்றல் ஓர் அணியின் ஆற்றலாக மாறியது எனலாம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் எழுச்சி முழுமை பெறாது.

அத்தபத்துவின் சொந்த வாழ்க்கையும் இதனை உணர்த்துவது. 2023இல் இந்தியாவில் தொடங்கிய மகளிர் பிரிமியர் லீக்கின் முதல் ஏலத்தில் அவரை எவ்வணியும் வாங்கவில்லை. அவ்வாண்டிலேயே அவர் ஒருநாள் துடுப்பாட்டத் தரவரிசையில் உலகின் முதலிடத்தை அடைந்தார். அனைத்துலகச் சபையின் ஆண்டின் சிறந்த ஒருநாள் வீராங்கனையாகவும் தெரிவானார். 2024 ஏப்ரிலில் தென்னாபிரிக்காவுக்கெதிராக ஆட்டமிழக்காது 195 ஓட்டங்கள் பெற்று, 302 ஓட்டங்கள் என்னும் இலக்கை எட்டச் செய்தார். மகளிர் ஒருநாள் போட்டிகளில் துரத்தி எட்டப்பட்ட இலக்குகளுள் அதுவே அன்று மிகப் பெரியது. பெரிய அணியின் முத்திரை இல்லாத நாட்டிலிருந்து வரும் பெண் இருமடங்கு நிறுவிய பின்னரே ஒருமடங்கு ஏற்கப்படுகிறாள் என்பதை அவருடைய அனுபவம் காட்டுகிறது.

தீவகத்தின் கதை

இனி, இவ்வெழுச்சியின் முன்வரிசைப் பெயர்களுள் தீவகத்துப் பெண்ணொருத்தியின் பெயர் ஏன் இல்லை என்னும் வினாவுக்கு வருதல் வேண்டும்.

ஊர்காவற்றுறை ஒருகாலத்தில் உலகை வரவேற்ற துறை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்குவதற்கும் பாதுகாப்புப் பெறுவதற்கும் விதிகள் வகுக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல்கள் உடைந்தால் செய்யவேண்டியது யாது என்பதையும் அக்கல்வெட்டு கூறும். ஆனால் துடுப்பாட்டத்தைக் கொண்டுவந்த கப்பல்கள் கொழும்பையே நாடின. யாழ்ப்பாணத்தில் அவ்வாட்டம் நகரத்து மிசனறிக் கல்லூரிகளில் தங்கிற்று. 1904இல் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான ஆட்டம் வடக்கின் சமர் எனப் போற்றப்பட்டது. அது ஆண்பிள்ளைகளின் சமர். 1824இல் உடுவிலில் மகளிர் கல்லூரி தோன்றிப் பெண்கல்வியில் யாழ்ப்பாணம் முன்னோடியாக விளங்கியபோதும், மகளிர் பாடசாலைகளுக்குள் துடுப்பாட்டம் புகவில்லை.

தீவகத்தின் நிலமும் இதற்கு இடந்தரவில்லை. துடுப்பாட்டத்தின் ஆடுதளத்துக்குக் களிமண் வேண்டும். அதனை நனைத்து உருளையால் இறுக்குவதற்கு நாள்தோறும் நன்னீர் வேண்டும். சுண்ணக்கல்லும் மணலும் கலந்த தீவக நிலத்தில், குடிப்பதற்கே நன்னீர்க் கிணறு தேடும் ஊர்களில், அதற்கு நீர் வார்ப்பார் யார்? கடினப்பந்துக்கும் துடுப்புக்கும் காலுறைகளுக்கும் ஆகும் செலவோ மீனவரும் சிறு விவசாயிகளும் தாங்கக்கூடியதன்று. ஒரு பந்தும் வெறுங்காலும் போதுமான உதைபந்தாட்டமே கரையோர ஊர்களில் இளைஞரின் ஆட்டமாயிற்று. பெண்பிள்ளைகள் முற்றத்தில் கெந்தியும் கொக்கான் வெட்டியும் ஆடினர். பருவமெய்தியபின் அதுவும் நின்றது. இலவசக் கல்வியின் பயனாகப் பாடசாலைகள் பெருகியபோதே இல்ல விளையாட்டுப் போட்டிகளும் வலைப்பந்தாட்டமும் அவர்களை மீண்டும் மைதானத்துக்குக் கொண்டுவந்தன.

அவ்வாறு மெல்ல அரும்பிய வாழ்வைப் போர் குலைத்தது. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது, ஓகஸ்ட் மாதத்தில் படையினர் தீவகத்தில் இறங்கினர். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து நிகழ்ந்த பேரிடப்பெயர்வில் அவர்களுட் பலர் மீண்டும் ஒருமுறை மூட்டையைச் சுமந்தனர். சிலர் வன்னிக்கும், சிலர் கொழும்புக்கும், பலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறினர்.

அத்தபத்து பிறந்த அதே 1990ஆம் ஆண்டில் வேலணையிலோ நாரந்தனையிலோ பிறந்த பெண்பிள்ளை ஒருத்தியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். முன்னையவர் பாடசாலை மைதானத்தில் ஆண்பிள்ளைகளோடு ஓடியாடும் வயதில், பின்னையவள் இடைத்தங்கல் கொட்டிலில் எழுத்துப் படித்தாள். இலங்கைப் பெண்கள் 1998இல் கோல்ட்ஸ் மைதானத்தில் வெற்றியைக் கொண்டாடிய வேளையில் அவளுடைய ஊரிற் பல வீடுகள் கூரையின்றிக் கிடந்தன. தென்னிலங்கைக் கிராமத்துப் பெண்ணுக்குத் துடுப்பாட்டத்தோடு வாழ்வூதியமும் தந்த படைக் கழகங்கள், தீவகத்துப் பெண்ணுக்குத் திறந்த வாயிலாகத் தோன்றியிருக்க முடியாது. அவள் படையினரைக் கண்டது சோதனைச் சாவடியில். தன் ஊர்க் கரையில் அமைந்த முகாமில். ஓரிடத்தில் ஏணியாக நின்ற நிறுவனமே இன்னோரிடத்தில் வேலியாக நின்றது. இவ்வேறுபாட்டைக் கருதாது, வடபுலத்துப் பெண்களுக்கு இவ்வாட்டத்தில் ஆர்வமில்லை என முடிவு கட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. வலைப்பந்தாட்டம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலங்கையின் மகளிர் பாடசாலைகளுக்குள் புகுந்த ஆட்டம். அதற்கு வேண்டியவை ஒரு சிறு தளமும் இரண்டு கம்பங்களும் ஒரு பந்துமே. ஆதலால் அது யாழ்ப்பாணத்துக் கிராமப் பாடசாலைகளையும் எட்டியது. அவ்வழியே வந்தவர் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்தங்குல உயரம் கொண்ட இவர், 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளின் முதுகெலும்பாக விளங்கினார்; தேசிய அணிக்குத் தலைமையும் தாங்கினார். அதே மண், அதே போர், அதே சமூகக் கட்டுப்பாடு. ஆயினும் வலைப்பந்தாட்டத்தில் ஒரு தர்ஜினி தோன்றினார், துடுப்பாட்டத்தில் தோன்றவில்லை. பாடசாலைக்குள் புகுந்த ஆட்டம் பெண்ணைக் கண்டெடுத்தது. புகாத ஆட்டம் அவளைக் காணவேயில்லை.

மண்டைதீவு மைதானம்

2025 செப்டெம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாண அனைத்துலகத் துடுப்பாட்ட மைதானத்துக்கான பணியை ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். அதற்குத் தெரிவான இடம் மண்டைதீவு. பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாண நகரிலிருந்து தீவகத்துக்குள் நுழைவோர் முதலிற் காணும் தீவு அது. 1990இல் மக்கள் வெளியேறிய ஊர்களுள் ஒன்றுமாகும். முன்னர் கப்பல் வந்த துறையைத் தேடி வராத ஆட்டம் இப்போது தீவகத்தின் வாயிலுக்கே வருகிறது. கண்டற்காடுகளுக்கும் கடனீரேரிக்கும் இதனால் ஏற்படக்கூடிய பாதிப்புக் குறித்துச் சூழலியலாளர் எழுப்பிய வினாக்கள் புறந்தள்ளத்தக்கவையல்ல. நன்னீர்ப் பற்றாக்குறை நிலவும் தீவில் பெருமைதானம் ஒன்றைப் பேணுவதற்கு வேண்டிய நீர் எங்கிருந்து வரும் என்பதும் விடை காணவேண்டிய வினாவே.

இவற்றுக்கு விடை கண்டு மைதானம் எழுந்துவிட்டது எனக் கொண்டாலும், அதில் ஆடப்போவது யார் என்னும் வினா எஞ்சும். மைதானம் ஒன்றே அணியை உருவாக்குவதில்லை என்பதை இதுவரை கூறிய வரலாறு உணர்த்தும். ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் பெண்பிள்ளைகளுக்குச் சீமெந்துத் தளமும் அதன்மேல் விரிக்கக் கயிற்றுப் பாயும் கிடைக்குமாயின் தொடக்கத்துக்கு அது போதும். அவர்களுக்குப் பயிற்சியளிக்கப் பெண் பயிற்றுநர் வேண்டும். நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் போட்டிக்கு வரும் பிள்ளைகள் மாலைப் படகைத் தவறவிடாது வீடு திரும்ப ஒழுங்கு வேண்டும். தவறின் தங்குவதற்குப் பாதுகாப்பான இடம் வேண்டும். பாடசாலையை விட்டு வெளியேறியபின் ஆடிக்கொண்டே வாழ்வதற்குப் படைகளைச் சாராத வேலைவாய்ப்பும் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் அதனை வழங்க முடியாதவையல்ல.

இலங்கை மகளிர் துடுப்பாட்ட அணியின் எழுச்சி நாட்டின் பெருமைக்குரியது, அதில் ஐயமில்லை. 1948இல் கொழும்பில் ஆடிய பெண்களுக்கும் 2024இல் தம்புள்ளையில் கிண்ணத்தை ஏந்திய பெண்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு திறமையில் இல்லை. முன்னையவர்களுக்கு அடுத்த ஆட்டம் இருக்கவில்லை, பின்னையவர்களுக்கு இருந்தது. அடுத்த ஆட்டம் இல்லாதவர்களை வரலாறு மறந்துவிடும். தீவகத்துப் பெண்பிள்ளை இன்று நிற்பது 1948இன் அப்பெண்கள் நின்ற இடத்திலேயே. மண்டைதீவில் எழவிருக்கும் மைதானத்தின் பார்வையாளர் வரிசையில் அவளுக்கு ஓர் இருக்கை கிடைப்பது உறுதி. களத்தில் அவளுக்கு இடம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கப் போவது அம்மைதானமன்று. அதற்குப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால், அவள் படிக்கும் பாடசாலையின் பின்வளவு.